“சமாளிக்கிறேன்” என்று எழுதாதீர்கள், அண்ணா

வாசகர் கடிதம்:

“எனக்கு வயது 54. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மனைவி, மகளுடன் இருக்கிறேன். ஊரில் இருந்தபோது ஷெல் துண்டு பாய்ந்த தொடை இன்னும் சரியாகவில்லை. இங்கே 14 வருடம் கிடங்கில் பாரம் தூக்கியதில் முதுகு போய்விட்டது. நீரிழிவினால் கைவிரல், கால்விரல்கள் மரத்துவிட்டன. 2021-இல் வேலையை விட்டேன். பிப் (நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் பணம்) கொடுப்பனவில் அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 8 புள்ளி வந்தது; எல்லாம் இரண்டு இரண்டாக நாலு இடத்தில். யுனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி) வேலை தேடத் தேவையில்லாத பிரிவில் வைத்திருக்கிறார்கள். மனைவி பாடசாலைச் சமையலறையில் பகுதி நேரமாக வேலை செய்கிறார். என்னைப் பராமரிப்பதற்கான கொடுப்பனவும் அவருக்கு வருகிறது. இப்போது பிப் மறுஆய்வுப் படிவம் வந்திருக்கிறது. 11 நாளாக உறையைத் திறக்காமல் மைக்ரோவேவ் மேல் வைத்திருக்கிறேன். ஒரு கேள்வியிலாவது 4 புள்ளி இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஜொப் சென்டரிலிருந்தும் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) ‘வேலை பற்றிப் பேசலாம், வாருங்கள்’ என்று செய்தி வந்தது. நண்பர் ஒருவர் தன் கடையில் வாரத்துக்கு மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காரச் சொல்கிறார். எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் போனால் ‘இவன் பொய் சொல்லியிருக்கிறான்’ என்று எல்லாவற்றையும் பறித்துவிடுவார்களோ? சமையல், குளிப்பு எல்லாம் எப்படியோ சமாளிக்கிறேன். போன மாதம் சட்டி சுட்டதுகூடத் தெரியவில்லை, மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் விரல் கொப்புளித்தது தெரிந்தது. கோயில் தேருக்குப் போகவும் பயமாக இருக்கிறது, யாராவது படம் எடுத்துக் கொடுத்துவிடுவார்களோ என்று.”

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த உறையைத் திறந்து, படிவம் எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பாருங்கள். வழக்கமாக ஒரு மாதம் தருவார்கள். மிச்சமுள்ள நாட்கள் போதாது என்றால் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, காரணத்தைச் சொல்லிக் கூடுதல் நாட்கள் கேட்கலாம். அழைத்த நாள், நேரம், பேசியவரின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மறுஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது பணம் வழக்கம்போல வரும். படிவத்தை அனுப்பாமல், காரணமும் சொல்லாமல் விட்டுவிட்டால்தான் அது நிற்கும். 18 ஆண்டுகளாக லண்டனில் நலவுரிமை ஆலோசகராக இருக்கிறேன். நோய் போதாது என்ற தீர்ப்பினால் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உறையைத் திறக்கும் பயத்தினாலேயே இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் சேரக் கூடாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் நாலு புள்ளிச் செய்திக்கு வருகிறேன். யாரோ கற்பனையில் கட்டிய கதை இல்லை அது. 2025 மார்ச் 18 அன்று, அப்போது வேலை மற்றும் ஓய்வூதிய அமைச்சராக இருந்த லிஸ் கெண்டல் வெளியிட்ட சீர்திருத்த அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. மொத்தம் 8 புள்ளி சேர்ந்தால் போதாது, அன்றாடச் செயல்களில் ஏதாவது ஒன்றிலாவது 4 புள்ளி கிடைத்திருக்க வேண்டும், 2026 நவம்பரிலிருந்து இதுதான் விதி என்றார்கள். இரண்டு இரண்டாகச் சேர்த்து எட்டைத் தொட்ட உங்களைப் போன்றவர்கள் அத்தனை பேரும் நடுங்கிப்போனார்கள். நடுங்கியதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை வாட்ஸ்அப் சொல்லவில்லை. தொழிற்கட்சியின் சொந்த உறுப்பினர்கள் 120-க்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 2025 ஜூலை 1 அன்று, வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர், மசோதாவிலிருந்து அந்தப் பிரிவை எடுத்துவிடுவதாக அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் அவையிலேயே அறிவித்தார். அதன் பிறகுதான் 335-க்கு 260 என்ற கணக்கில் மசோதா அடுத்த கட்டத்துக்குப் போனது. செப்டம்பர் 3-இல் சட்டமானபோது நாலு புள்ளி விதி அதில் இல்லை.

ஆகவே உங்கள் மறுஆய்வு பழைய அளவுகோலின்படியே நடக்கும். எட்டு எப்படி வந்தாலும் எட்டுத்தான்.

பிப் மதிப்பீட்டு முறை முழுவதையும் மறுபடி ஆராயும் பொறுப்பு டிம்ஸை இணைத் தலைவர்களில் ஒருவராகக் கொண்ட குழுவிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். 2026 இலையுதிர் காலத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது ஏற்பாடு. எனவே இனி ஒன்றும் மாறாது என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டீபன் டிம்ஸ் 1997-இலிருந்து உங்கள் ஊரான ஈஸ்ட் ஹாமின் நாடாளுமன்ற உறுப்பினர். இந்த நாட்டில் பிப்பின் எதிர்காலத்தைப் பற்றி எழுதப்போகும் மனிதர் உங்கள் தொகுதியின் பிரதிநிதி. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஆங்கிலம் திருத்தமாக இருக்க வேண்டியதில்லை. “எனக்கு இரண்டு இரண்டாக எட்டுப் புள்ளி. அந்தப் பணத்தில் இன்னின்ன செய்கிறேன். அது நின்றால் என் மனைவியின் பராமரிப்புப் பணமும் சேர்ந்து நிற்கும்.” இதைச் சொன்னால் போதும். நம்மவர்கள் தேர்தல் நேரத்தில் கை குலுக்குவதோடு எம்பியை மறந்துவிடுகிறோம். தொகுதி மக்களின் கடிதங்களைப் பார்ப்பது அவர்களுடைய வேலை.

யுனிவர்சல் கிரெடிட்டில் மாற்றம் உண்மையாகவே வந்துவிட்டது. உடல்நிலைக்காகச் சேர்த்துத் தரும் தொகை, 2026 ஏப்ரல் 6-க்குப் பிறகு புதிதாக அந்தப் பிரிவுக்குள் வருகிற பெரும்பாலானவர்களுக்கு மாதம் 217 பவுண் சொச்சம்தான். முன்பே அதில் இருப்பவர்களுக்கு சுமார் 430 பவுண். ஏறக்குறையப் பாதி. இதைச் சீர்திருத்தம் என்று அழைப்பதை என் மனம் ஒப்பவில்லை. ஒரே நோய் உள்ள இரண்டு பேரில் பிந்தி நோயுற்றவருக்குப் பாதிச் சோறு என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனால் நீங்கள் முந்தியவர். உங்கள் உரிமை இடையில் அறாமல் தொடரும் வரை பழைய தொகை உங்களுக்குப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: கோபத்திலோ சலிப்பிலோ “எனக்கு இந்தப் பிச்சை வேண்டாம்” என்று கணக்கை மூடிவிடாதீர்கள். சென்ற ஆண்டு ஒருவர் அப்படிச் செய்தார். திரும்பச் சேர்வதற்கு அவரும் நானும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரிக்கு வருகிறேன். “சமையல், குளிப்பு எல்லாம் எப்படியோ சமாளிக்கிறேன்.”

அண்ணா, பிப் படிவத்தில் நம்மவர்களுக்கு அதிக நட்டத்தைத் தந்த சொல் இது. “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் “ஏதோ இருக்கிறோம்” என்கிறோம். வலி பத்தில் எட்டு இருந்தாலும் “பரவாயில்லை” என்கிறோம். வளர்ந்த விதம் அப்படி. இடம்பெயர்ந்து, பங்கரில் இருந்து, அகதியாக வந்து, இரவு வேலை செய்து பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சமாளிப்பது என்பது மானம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் மறுபக்கத்தில் இருக்கும் மதிப்பீட்டாளர் “சமாளிக்கிறேன்” என்பதை “உதவி தேவையில்லை” என்று எழுதிக்கொள்கிறார். அங்கே பூச்சியம் விழுகிறது.

நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்வோம். சமையலுக்கு உங்களுக்கு 2 புள்ளி கிடைத்திருக்கும். கதிரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறீர்கள் என்பது போன்ற ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள்; ஒரு சாதனத்தின் துணை தேவை என்று 2 போட்டிருப்பார்கள். ஆனால் சட்டி சுட்டதே தெரியாத விரல்கள் உங்களுடையவை. அடுப்பு எரியும்போது உங்களைத் தனியே விட மனைவி சம்மதிக்கிறாரா? இல்லையென்றால் அது “மேற்பார்வை அல்லது உதவி தேவை” என்ற வரிக்குள் வருகிறது. அதற்கு 4 புள்ளி. விருந்துச் சமையலை அவர்கள் கேட்கவில்லை: புதிய காய்கறி, இறைச்சியில் ஒருவருக்கு ஒரு வேளைச் சாதாரணச் சாப்பாடு, இடுப்பு உயர அடுப்பில், ஆபத்தில்லாமல் சமைக்க முடியுமா என்பதே கேள்வி. “ஆபத்தில்லாமல்” என்ற சொல் என் சொந்தச் சரக்கு இல்லை, விதியிலேயே இருக்கிறது. ஒரு செயலை உங்களால் செய்ய முடியும் என்று அவர்கள் சொல்ல வேண்டுமானால், ஆபத்தில்லாமலும், ஏற்றுக்கொள்ளத்தக்க தரத்திலும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிய வேண்டும். நியாயமான நேரம் என்றால், உடல் நலமுள்ளவர் எடுப்பதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒருமுறை கஞ்சி காய்ச்சிவிட்டு இரண்டு நாள் படுத்தால் அது செய்ய முடிந்ததாகக் கணக்கில்லை.

குளிப்பும் அப்படித்தான். இடுப்புக்குக் கீழே கழுவ இன்னொருவர் உதவினால் 2. குளியல் தொட்டிக்குள் இறங்கவும் ஏறவும் ஒருவர் தாங்கிப் பிடித்தால் 3. தோளிலிருந்து இடுப்பு வரை இன்னொருவர் கழுவிவிட வேண்டியிருந்தால் 4. சாறமோ காற்சட்டையோ உடுத்த உதவி தேவையென்றால் 2, மேற்சட்டைக்கு 4. மேலுடம்புக்கும் கீழுடம்புக்கும் இப்படிக் கோடு கிழிப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். ஒரு மனிதனின் மானம் இடுப்புக்குக் கீழே குறைந்துவிடுகிறதா? இருந்தாலும் விதி அதுதான், அதை அறிந்தே எழுத வேண்டும். உங்கள் குளியலறையில் தொட்டிதான் இருக்கிறதென்றால், அடிபட்ட காலை விளிம்பைத் தாண்டித் தூக்கும்போது யார் பிடிக்கிறார் என்று எழுதுங்கள். மனைவி இல்லாத நாளில் குளிக்கிறீர்களா, தள்ளிப்போடுகிறீர்களா என்று எழுதுங்கள். குளிசை எடுக்க மனைவி நினைவுபடுத்துகிறார் என்றால் அதுவும் புள்ளிக்குரிய விஷயம். ஒன்றே ஒன்று என்றாலும் சேரும்.

மேலே சொன்னவை உங்களுக்குப் பொருந்தும் என்று வைத்து நான் மனக்கணக்குப் போட்டேன். சமையலுக்கு 4, தொட்டிக்கு 3, உடுத்துவதற்கு 2, கழிப்பறையில் பிடிமானத்துக்கு 2, குளிசைக்கு 1. பன்னிரண்டு. பன்னிரண்டு என்பது உயர்ந்த படி: வாரத்துக்கு 76.70 பவுணாக இருப்பது 114.60 ஆகும். இப்படித்தான் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. மறுஆய்வில் ஏறவும் முடியும், இறங்கவும் முடியும். இல்லாத வலியை எழுதச் சொல்லவும் மாட்டேன். ஆனால் பயந்து பயந்து எட்டைக் காப்பாற்ற நினைக்கும் நீங்கள், இருக்கிற உண்மையை முழுதாகச் சொன்னதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பிப்பின் இன்னொரு பகுதியான நடமாட்டப் பகுதியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அங்கே “ஐந்து நிமிடம் நடப்பேன்” என்று எழுதினால் பயனில்லை. மீட்டரில் எழுதுங்கள். 200 மீட்டருக்குள், 50 மீட்டருக்குள், 20 மீட்டருக்குள் என்றுதான் அவர்கள் பிரிக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை எத்தனை தடவை நின்றீர்கள், எந்த மதிலைப் பிடித்தீர்கள் என்று ஒருமுறை மனைவியைக் கூடவே நடந்து கணக்கெடுக்கச் சொல்லுங்கள்.

படிவத்தோடு ஏழு நாள் குறிப்பு ஒன்றை இணையுங்கள். கொப்பியில் தமிழிலேயே எழுதுங்கள், பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன், கட்டிலை விட்டு இறங்க எவ்வளவு நேரம், சட்டைப் பொத்தானை யார் போட்டது, எது கையிலிருந்து விழுந்து உடைந்தது. வைத்தியரிடம் கடிதம் கேட்கும்போது நோயின் பெயரை மட்டும் எழுதித் தரச் சொல்லாதீர்கள். விரல் மரத்ததால் சூடு தெரிவதில்லை என்பதை எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயருக்குப் பிப்பில் புள்ளி கிடையாது.

மதிப்பீடு தொலைபேசியில் நடந்தாலும் நேரில் நடந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தகப்பனின் மேன்முறையீட்டை நடத்தினேன். பதினைந்து வயது மகள் மொழிபெயர்த்திருக்கிறாள். “கழிப்பறைக்குப் போவதில் சிரமம் உண்டா?” என்ற கேள்வியை அவளால் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. அவர் அவளைப் பார்த்து “ஒன்றும் இல்லை என்று சொல், அம்மா” என்றார். அறிக்கையில் “சிரமம் இல்லை” என்று ஏறிவிட்டது. அதைத் திருத்தத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வேற்று மனிதர் ஒருவர் மொழிபெயர்க்க, அந்த மனிதர் முதல் முறையாக வாய் திறந்து பேசினார். பேசி முடித்ததும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

தீர்ப்பாயம் என்றதும் பயப்பட வேண்டாம். முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு மாதத்துக்குள் மேன்முறையீடு. அதை விசாரிக்கும் தீர்ப்பாயம், பிப் தரும் வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களத்துக்கு உட்பட்டதில்லை. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர் என மூன்று பேர் இருப்பார்கள். பிப் வழக்குகளில் விசாரணை வரை போனவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிகின்றன. இது திணைக்களத்தின் முதல் முடிவுகளைப் பற்றிச் சொல்வது நிறைய.

ஜொப் சென்டர் அழைப்புக்கு வருகிறேன். நீங்கள் இருக்கும் பிரிவில் வேலை தேட வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வேலை பற்றிய பேச்சுக்கு வர மறுத்தால் பணத்தை வெட்டவும் முடியாது. அது அழைப்பு மட்டுமே. ஆனால் எல்லா அழைப்பும் ஒன்றில்லை. யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜேர்னலில் (அவர்களும் நீங்களும் செய்தி எழுதிக்கொள்ளும் பக்கம்) வந்த செய்தியைத் திறந்து வாசியுங்கள், அல்லது மகளிடம் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் விவரங்களைச் சரிபார்க்க, வங்கிக் கணக்கையோ வாடகை ஒப்பந்தத்தையோ காட்ட அழைத்திருந்தால் அதைத் தவறவிடக் கூடாது. எதற்கென்று புரியாவிட்டால் ஜேர்னலிலேயே எழுதிக் கேளுங்கள்: “இந்தச் சந்திப்பு கட்டாயமா, விருப்பமா?” பதில் எழுத்தில் வரட்டும். வேர்க் கோச் (ஜொப் சென்டரின் வேலை ஆலோசகர்கள்) பலர் நல்ல மனிதர்கள். அவர்களுக்கும் மேலிருந்து அழுத்தம் உண்டு. அவர்களிடம் பணிவாக இருங்கள். ஆனால் எழுத்தில் இல்லாத எதற்கும் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

நண்பரின் கடை. இதை எழுதும்போது உங்கள் கைக்குள் இருந்த ஆசை எனக்குத் தெரிந்தது. ஐந்து வருடம் நாலு சுவருக்குள் இருந்தவருக்கு, கல்லாவில் உட்கார்ந்து “எப்படி இருக்கிறீர்கள் அக்கா, கருவேப்பிலை இன்றுதான் வந்தது” என்று நாலு பேரோடு பேசுவது மருந்து மாதிரி. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிப் என்பது வேலையில்லாதவர்களுக்கான பணம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தவறு. வேலைக்குப் போகிறவர்களும் அதைப் பெறுகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று பிப் கேட்பதே இல்லை. இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருவதற்கும், குளியல் தொட்டியில் ஏற ஒருவர் பிடிக்க வேண்டியிருப்பதற்கும் முரண்பாடு இல்லை. படிவத்தில் கடையைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள்: உட்கார்ந்து செய்யும் வேலை, பாரம் தூக்குவதில்லை, சில்லறையை விரலால் பிரித்தறிய முடியாதபோது நண்பர் எண்ணித் தருகிறார், முடியாத நாளில் வர வேண்டியதில்லை. இவை உங்கள் நிலையை இன்னும் தெளிவாகக் காட்டும்.

யுனிவர்சல் கிரெடிட்டில் மட்டும் சம்பளம் கணக்கில் வரும். 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண். வாரம் ஆறு மணி நேரம் என்றால் 76 பவுண் சொச்சம்; மாதம் ஏறக்குறைய 330. உடல்நிலைப் பிரிவில் இருப்பவர்களுக்கு, வாடகை உதவியும் பெறுகிறார்கள் என்றால், மாதம் 427 பவுண் வரை சம்பாதித்தாலும் ஒரு பென்னியும் வெட்ட மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் தம்பதிக்கு அந்தச் சலுகை இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் மனைவியின் பாடசாலைச் சம்பளமே அதைத் தின்றிருந்தால், உங்கள் சம்பளத்தில் பவுணுக்கு 55 பென்ஸ் வீதம் வெட்டு விழும். 330-இல் கைக்கு வருவது 150-க்குக் கொஞ்சம் குறைவு. அது உங்களுக்குப் போதுமா என்பதை வீட்டில் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஆட்களைப் பார்த்துப் பேசுவதற்கும் ஒரு விலை உண்டு என்றால், என்னைப் பொறுத்தவரை போதும்.

“கையில் காசாகத் தருகிறேன், யாருக்கும் தெரியாது” என்று நண்பர் சொன்னால் அந்தக் கணமே மறுத்துவிடுங்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் பிடிபட்டால் கடனும் குற்றமும் உங்கள் தலையில். “சும்மா உதவிக்கு வந்திருக்கிறேன், சம்பளம் இல்லை” என்பதும் காப்பாற்றாது. கூலிக்குரிய வேலையைக் கூலியில்லாமல் செய்தால், கூலி வாங்கியதாகவே கணக்கில் எடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சம்பளச் சீட்டு, வங்கி வழியே பணம், தொடங்கும் முன்பே ஜேர்னலில் அறிவிப்பு. வேலையை முயன்று பார்ப்பதை மட்டும் காரணமாக வைத்து மறுமதிப்பீட்டுக்கு இழுக்கக் கூடாது என்பதைச் சட்டத்தில் எழுதுவோம் என்று அரசு 2025 அறிக்கையில் வாக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் அறிவிப்பிலேயே அந்த வாக்கைக் குறிப்பிட்டு, உங்கள் பிரிவில் மாற்றம் வருமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரும் வரை கடைக்குப் போகாதீர்கள்; நண்பர் இரண்டு வாரம் காத்திருப்பார்.

கடையில் உயரமான கதிரை, முதுகுக்கு ஆதாரம், டாக்சி போன்றவை தேவைப்பட்டால் ‘ஆக்சஸ் டு வேர்க்’ என்ற அரசுத் திட்டம் அதற்கான செலவைத் தரும். அதில் இப்போது தாமதம் அதிகம். வேலை தொடங்க நாலு வாரத்துக்குள் நாள் குறித்திருக்கிறது என்பதை விண்ணப்பத்தில் எழுதினால் முன்னுரிமை கிடைக்கும்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. பராமரிப்புக் கொடுப்பனவு வாங்குபவர் வரி முதலியவை போக வாரத்துக்கு 204 பவுணுக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. ஒரு பவுண் கூடினாலும் அந்த வாரப் பணம் முழுவதும் போய்விடும். பாடசாலையில் கூடுதல் மணி நேரம் கேட்டால், சரி என்று சொல்லும் முன் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். “எனக்கென்ன, அவருக்குத்தானே வருத்தம்” என்று அவர் தன் வலியைப் பற்றிப் பேசாமல் இருக்கக்கூடும். அவரையும் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

படிவத்தைத் தனியே நிரப்ப வேண்டாம். அருகிலுள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனைத் தொண்டு அமைப்பின் அலுவலகத்தில் இலவசமாக உதவுவார்கள். சந்திப்புக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் நாளைக் காலையிலேயே அழையுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போட்டதற்கான சீட்டைக் கொப்பிக்குள் ஒட்டுங்கள்.

கடைசியாகத் தேர். போங்கள், அண்ணா. பிப் விதி ஒரு நாளைப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் உங்களால் என்ன முடிகிறது என்பதையே பார்க்கிறது. வருடத்தில் ஒருநாள் முருகனைப் பார்க்க வீதியோரம் நிற்பது குற்றமில்லை. வடம் பிடிக்க வேண்டாம், அது உங்கள் முதுகுக்கு ஆகாது. மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுபோய் நிழலில் உட்காருங்கள். யார் படம் எடுத்தாலும் எடுக்கட்டும். அடுத்த நாள் காலை கட்டிலை விட்டு இறங்க எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை குளிசை போட்டீர்கள், காலுறையை யார் மாட்டிவிட்டார் என்பதையெல்லாம் அந்த ஏழு நாள் குறிப்பில் எழுதிவிடுங்கள்.